பேப்பர் வராத குட்டி: கென்னல் கிளப் நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பதிவுக் குழு நிர்வாகிகளுக்கு,

உங்கள் உறுப்பினரிடம் வாங்கிய நாய்க்குட்டிக்குப் பேப்பர், அதாவது அதன் பெற்றோரைச் சொல்லும் பதிவுச் சான்றிதழ், வரவே இல்லை என்ற எங்கள் புகாருக்கு நீங்கள் அனுப்பிய பதில் இரண்டே வரி. "இது வாங்கியவருக்கும் விற்றவருக்கும் இடையிலான தனிப்பட்ட விவகாரம். சங்கம் இதில் தலையிட இயலாது." கையொப்பமும் முத்திரையும் முறைப்படி இருந்தன. அந்தப் பதிலை என்னால் ஏற்க முடியவில்லை. ஏன் என்று உங்களுக்கு மட்டும் எழுதிப் பார்த்தேன், பயனில்லை. அதனால் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். உங்கள் சங்கத்தின் பெயரையோ விற்றவரின் பெயரையோ இங்கே சொல்லப்போவதில்லை. ஒரு பெயரைக் கெடுப்பது என் நோக்கம் அல்ல. நாயினப் பதிவேடு நடத்தும் எந்தச் சங்கத்தின் மேசையிலும் இதே போன்ற கடிதம் ஒன்று கிடக்கக்கூடும்.

விளம்பரத்தின் முதல் வரியே "தாய், தந்தை இரண்டும் பதிவு பெற்றவை, குட்டிகளுக்குப் பேப்பர் உண்டு" என்பதுதான். பக்கத்தில் உங்கள் சங்கத்தின் பெயர். விற்றவர் உங்கள் உறுப்பினர். அவர் வளர்த்து விற்கும் நாய்களின் பெயரோடு சேரும் கென்னல் பெயர் உங்களிடம் பதிவாகியிருக்கிறது. அதை வேறொருவர் எடுத்துக்கொள்ளாதபடி அவருக்காகக் காத்துவருவதும் நீங்கள்தான். நாங்கள் நேரில் போய்த் தாய் நாயைப் பார்த்தோம். அதன் பின்னால் ஓடிய குட்டிகளைப் பார்த்தோம். தந்தை வேறொருவருடையது என்று சொல்லி அதன் பதிவுச் சான்றிதழைத் தூக்கிக் காட்டிவிட்டு மறுபடி கோப்பில் வைத்துக்கொண்டார். ஈத்துப் பதிவுக்கு, அதாவது ஒரே பிரசவத்தில் பிறந்த குட்டிகளைச் சேர்த்துப் பதிவதற்கு, விண்ணப்பம் போய்விட்டது, சான்றிதழ் வந்ததும் உங்கள் பெயருக்கு மாற்றிக் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன் என்றார். வாயால் சொன்னதோடு நிற்கவில்லை, ரசீதிலும் எழுதிக் கொடுத்தார். பேப்பர் இருப்பதால்தான் இந்த விலை என்றும் அவரே சொன்னார். இவ்வளவையும் உங்களுக்கு அனுப்பிய புகாரோடு நகலெடுத்து இணைத்திருந்தோம்.

பிறகு காரணங்கள் வரத் தொடங்கின. தந்தை நாயின் சொந்தக்காரர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்பது முதலாவது. அடுத்து, ஒரு குட்டியின் நிறத்தைத் தவறாக எழுதியதால் விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. அதற்கும் அடுத்து, சங்கத்தின் அலுவலகத்தில்தான் தாமதம். உங்கள் அலுவலகத்தைக் கேட்டோம். ப்ரீடரை, அதாவது குட்டிகளை ஈனவைத்து விற்றவரை, கேளுங்கள் என்றார்கள். ப்ரீடரைக் கேட்டோம். பேப்பருக்குத் தனியாகக் கட்டணம் உண்டே என்றார். ரசீதில் இருப்பதைக் காட்டினோம். அப்போது அவர் சொன்னது இன்றுவரை என் காதில் இருக்கிறது: "வீட்டில் வளர்க்கிற நாய்க்கு எதுக்குங்க பேப்பர்? ஷோவுக்கா கூட்டிப் போகப்போறீங்க?" அதற்குப் பிறகு அவர் எங்கள் அழைப்பை எடுக்கவில்லை.

இதைத்தான் நீங்கள் தனிப்பட்ட விவகாரம் என்கிறீர்கள்.

ஓர் ஈத்து எப்படிப் பதிவாகிறது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இந்த மடலைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். விண்ணப்பிக்க வேண்டியவர் தாய் நாயின் சொந்தக்காரர். இணை சேர்ந்தது உண்மை என்று தந்தை நாயின் சொந்தக்காரர் ஒப்புதல் தர வேண்டும். இணை சேர்ந்த நாள், ஈன்ற நாள், ஆண் எத்தனை, பெண் எத்தனை, நிறம் என்ன என்று எல்லாம் எழுத வேண்டும். நாயின் சினைக்காலம் ஏறக்குறைய 63 நாள் என்பதால் அந்தத் தேதிகள் பொருந்துகின்றனவா என்று பார்க்க முடியும். தாயும் தந்தையும் ஏற்கெனவே ஏட்டில் இருப்பவையா என்று சங்கம் சரிபார்க்கிறது. பிறகுதான் குட்டிக்கு எண். சில சங்கங்கள் குட்டிகள் எல்லாவற்றையும் ப்ரீடர் பெயரிலேயே பதிந்து சான்றிதழ் தருகின்றன, வாங்கியவர் அதைத் தம் பெயருக்கு மாற்றிக்கொள்கிறார். அமெரிக்கன் கென்னல் கிளப் போன்றவற்றில் ஈத்து பதிவானதும் குட்டிக்கு ஒன்றாக விண்ணப்பத் தாள் ப்ரீடரிடம் வருகிறது. அதை அவர் வாங்கியவரிடம் கொடுக்க, வாங்கியவர் நிரப்பி அனுப்புகிறார்.

வழி எதுவானாலும் தொடக்கம் ப்ரீடரின் கையில். வாங்கியவர் எவ்வளவு ஆதாரத்தோடு வந்தாலும் அவரிடமிருந்து ஈத்து விண்ணப்பத்தை எந்தச் சங்கமும் வாங்குவதில்லை. கதவுக்கு ஒரே சாவி, அது ப்ரீடரிடம் மட்டுமே இருக்கும் என்று விதி எழுதியவர்கள் நீங்கள். அவர் பூட்டிக்கொண்டு போய்விட்டார் என்று வந்து நின்றால், அது உங்கள் இருவர் பிரச்சினை என்று சொல்வது எப்படிச் சரியாகும்? நாங்கள் போவதற்கு வேறு இடமும் இல்லை. 1911-இல் தொடங்கிய எஃப்.சி.ஐ. என்ற பன்னாட்டுக் கூட்டமைப்பு, தானாக எந்த நாய்க்கும் பரம்பரைச் சான்று தருவதில்லை. அந்தப் பொறுப்பை அந்தந்த நாட்டு உறுப்பினர் சங்கத்திடமே விட்டிருக்கிறது. ஏட்டின் சொந்தக்காரர்கள் நீங்கள் மட்டும்தான். சொந்தம் உங்களுடையது என்றால் பொறுப்பும் உங்களுடையதே.

வீட்டு நாய்க்கு எதுக்குப் பேப்பர் என்ற கேள்விக்கு வருகிறேன். இந்த மடலை நான் எழுதுவதே அதற்குப் பதில் சொல்லத்தான்.

அன்று வாங்கிய அந்தக் குட்டிதான் எங்கள் மிளகு, ஒரு கறுப்பு லாப்ரடார். ஐந்து வயதை நெருங்கும்போது, அந்தி சாய்ந்த பிறகு படி இறங்கத் தயங்க ஆரம்பித்தாள். வெளிச்சமுள்ள அறையிலிருந்து இருட்டான முற்றத்துக்குப் போகச் சொன்னால் வாசலிலேயே நின்றுவிடுவாள். பகலில் பந்தைத் துரத்திப் பிடிப்பவள், மாலையில் காலடியில் கிடக்கும் பந்தை மூக்கால் தேடினாள். கண் மருத்துவம் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் காட்டினோம். விழித்திரையைப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: "இதோட அப்பா அம்மாவுக்குக் கண் பரிசோதனை செஞ்சிருக்காங்களா? பேப்பர் இருக்கா?"

நோயின் பெயர் பி.ஆர்.ஏ. விழித்திரை படிப்படியாக அழியும் நோய். மிளகுக்கு வந்திருப்பது அதில் பி.ஆர்.சி.டி. என்ற வகை. மங்கிய வெளிச்சத்தில் பார்க்க உதவும் செல்கள் முதலில் சாகின்றன. அதனால் இரவுப் பார்வை போகிறது. பிறகு பகல் பார்வையும் போகிறது. வலி இல்லை. மருந்தும் இல்லை. கன்னத்தின் உட்புறத்தில் பஞ்சுக்குச்சியால் தேய்த்து எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினோம். பாதிப்பு உறுதி என்று முடிவு வந்தது.

இந்த நோய்க்குக் காரணமான மரபணு மாற்றம் 2006-இல் கண்டறியப்பட்டது. அது ஒடுங்கு பண்பு. அதாவது தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என்று கெட்ட பிரதிகள் இரண்டு சேர்ந்தால்தான் நோய் வரும். ஒன்று மட்டும் உள்ள நாய் கடத்தி. இந்த நோயால் அதன் கண் கடைசிவரை கெடாது. ஆகவே மிளகின் பரிசோதனை முடிவு மிளகைப் பற்றி மட்டும் பேசவில்லை. அவளைப் பெற்ற இரு நாய்களும் குறைந்தபட்சம் கடத்திகள் என்பதையும் ஐயத்துக்கு இடமின்றிச் சொல்கிறது. இரண்டும் கடத்திகள் என்றால், கூடப் பிறந்த ஒவ்வொரு குட்டிக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. கடத்தியாக இருக்க நான்கில் இரண்டு. அந்தத் தாய் மறுபடி ஈன்றிருக்கலாம். அந்தத் தந்தையை எத்தனை பேர் தங்கள் நாய்க்குச் சேர்த்திருக்கிறார்களோ. அந்தக் குட்டிகளில் சில இன்று பெற்றோராகவும் ஆகியிருக்கலாம்.

தந்தை நாயின் சொந்தக்காரருக்கு நான் ஒரு வரி எழுத விரும்பினேன். சண்டை போட அல்ல. உங்கள் நாய் கடத்தி, தயவுசெய்து பரிசோதித்த, சுத்தம் என்று முடிவு வந்த பெண் நாயோடு மட்டும் சேர்க்கவும் என்று சொல்ல. கடத்தியைச் சுத்தமான நாயோடு சேர்த்தால் ஒரு குட்டிக்குக்கூட இந்த நோய் வராது. அந்த நாயை விலக்கி வைக்க வேண்டியதுகூட இல்லை. ஒரு பஞ்சுக்குச்சி, ஒரு சரியான சேர்க்கை, அவ்வளவில் முடிகிற காரியம். ஆனால் யாருக்கு எழுதுவது? மிளகின் தகப்பன் யார் என்று சொல்லும் தாள்தான் எங்களிடம் இல்லையே. கூடப் பிறந்த குட்டிகளை வாங்கியவர்களுக்கும் எழுத விரும்பினேன். அவர்களில் யாராவது தம் நாயைச் சினைக்கு விட நினைத்துக்கொண்டிருக்கலாம். அவர்கள் யார் என்று தெரிந்தவர் ப்ரீடர். தெரிந்திருக்க வேண்டியவர்கள் நீங்கள்.

பேப்பர் ஷோவுக்கு மட்டும்தான் என்று இனி யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. ஷோ எங்களுக்குத் தேவையே இல்லை. மிளகைச் சினைக்கு விடும் எண்ணமும் எந்நாளும் இருந்ததில்லை. ஒரு தாளில் மூன்று தலைமுறையின் பெயரும் எண்ணும் இருந்தால், ஓர் ஆய்வக முடிவு வந்த அன்றே அதை எந்தெந்தக் குடும்பங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று தெரிந்திருக்கும். தாள் இல்லாததால் அந்தச் செய்தி எங்கள் அலமாரியிலேயே கிடக்கிறது.

நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். பதிவுச் சான்றிதழ் உடல்நலச் சான்றிதழ் அல்ல. நீங்களே அதைச் சொல்லி வருகிறீர்கள், அது உண்மையும்கூட. பேப்பர் இருந்திருந்தால் மிளகின் கண் தப்பியிருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எல்லா உடல்நலத் தகவலும் வந்து ஒட்டிக்கொள்ள ஓர் இடம் வேண்டும். எண் இல்லாத நாயின் இடுப்பு மூட்டுக் குறையை எக்ஸ்ரேயில் பார்த்துப் போடும் மதிப்பெண்ணை எந்தப் பெற்றோரின் கணக்கில் எழுதுவது? பாதிப்புள்ள நாய்கள் ஏட்டுக்கு வெளியே நின்றுவிட்டால், ஏட்டுக்குள் இருக்கும் பெற்றோர் குறையற்றவையாகத் தெரியும். ஒரு ப்ரீடர் நான்கு குட்டிக்குப் பேப்பர் தந்து இரண்டுக்குத் தராமல் விட்டால், குறைவது இரண்டு தாள் மட்டும் அல்ல. உங்கள் ஏடே பொய் சொல்ல ஆரம்பிக்கிறது.

ஏடு எதற்காக உண்டானது என்பதை நினைத்துப் பாருங்கள். பிரிட்டனின் கென்னல் கிளப் 1873-இல் தொடங்கியது. அதன் முதல் வம்சாவளி ஏடு 1859 முதல் நடந்த கண்காட்சி நாய்களைத் திரட்டித் தொகுத்தது. அன்று ஒரே பெயரில் எத்தனையோ நாய்கள், எது எதன் குட்டி என்று தெரியாத குழப்பம். அதைத் தீர்க்கத்தான் 1880-இல் எல்லா நாய்க்கும் பெயர்ப் பதிவு என்ற முறை வந்தது. இந்த நாய் இன்னதுதான் என்று அடையாளம் காட்டுவதே அதன் முதல் வேலை. கோப்பையும் பட்டமும் அந்த அடையாளத்தின் மேல் கட்டியவை. அடையாளத்தைக் கோரி வந்தவர்களைத்தான் நீங்கள் இரண்டு வரியில் திருப்பி அனுப்பினீர்கள்.

இன்னொன்று என்னை உறுத்துகிறது. மிளகு பிறந்த ஈத்து உங்களிடம் பதிவானதா இல்லையா என்பதை மட்டுமாவது சொல்லுங்கள் என்று கேட்டோம். உறுப்பினர் விவரங்களை வெளியிடுவதில்லை என்றார்கள். யோசித்துப் பாருங்கள், இரண்டில் ஒன்றுதான் நடந்திருக்க முடியும். ஈத்து பதிவாகவே இல்லையென்றால், ஏன் பதிவாகவில்லை? தாய் அளவுக்கு மீறி ஈன்றதா? பிரிட்டனின் கென்னல் கிளப் ஒரு தாய்க்கு நான்கு ஈத்துக்கு மேல் பதிவதில்லை. தாயும் தந்தையும் நெருங்கிய இரத்த உறவா? தந்தை மகள், தாய் மகன், உடன்பிறப்பு ஆகியவற்றைச் சேர்த்துப் பிறந்த ஈத்தை அதே கிளப் 2009 முதல் பொதுவாக ஏற்பதில்லை. அப்படிப்பட்ட சேர்க்கையில் உட்கலப்பு அளவு, அதாவது ஒரே மூதாதையின் ஒரே மரபணு தாய் வழியிலும் தந்தை வழியிலும் வந்து சேரும் வாய்ப்பு, குறைந்தது 25 சதவீதம். உங்கள் விதி தடுக்க நினைத்த ஈத்தையே, உங்கள் பெயரைச் சொல்லி, பேப்பர் வருகிறது என்று ஏமாற்றி விற்றுவிட்டுப் போக முடிகிறது என்றால் அந்த விதியால் யாருக்கு என்ன பயன்?

ஈத்து பதிவாகியிருந்தால் நிலைமை இன்னும் மோசம். மிளகின் பேப்பர் எங்கே? உங்களுக்கும் தெரியாததல்ல: பிறந்தது ஆறு குட்டியாக இருக்க எட்டு என்று எழுதிப் பதிவது, மீந்த சான்றிதழை வேறெங்கோ வாங்கிய குட்டியோடு சேர்த்து விற்பது. வாங்கியவர் கேட்டு ஓய்ந்த பேப்பரும் அதே வழியில்தான் போகும். மிளகுக்கு உரிய எண்ணில் இன்று வேறொரு நாய் எங்கோ சினையாக இருக்கலாம். அதன் குட்டிகளுக்கு மிளகின் பெற்றோர் பெயரில் நீங்கள் சான்றிதழ் அடிப்பீர்கள். இப்படி நடந்திருக்கிறது என்று நான் குற்றம் சாட்டவில்லை. நடக்கவில்லை என்பதை உறுதிசெய்யக்கூடியவர்கள் நீங்கள் மட்டுமே, நீங்கள் பார்க்க மறுக்கிறீர்கள் என்கிறேன்.

இரகசியம் காப்பது பற்றி. ஒரு மனிதரின் முகவரியை நான் கேட்கவில்லை. நாயின் பெற்றோரைக் கேட்டேன். பிரிட்டனின் கென்னல் கிளப் பதிவு பெற்ற நாய்களின் உடல்நலப் பரிசோதனை முடிவுகளை யாரும் தேடிப் பார்க்கும்படி வைத்திருக்கிறது. இடுப்பு மதிப்பெண், கண் பரிசோதனை, மரபணு முடிவு எல்லாம். அதனால் அங்கே யாருடைய மானமும் போய்விடவில்லை.

எல்லா ப்ரீடரும் ஒரே மாதிரி அல்ல, அதையும் எழுதியாக வேண்டும். எங்கள் நண்பர் ஒருவர் வேறோர் இடத்தில் குட்டி எடுத்தார். குட்டியைக் கையில் கொடுப்பதற்கு முன்பே மேசையில் தாள்கள் இருந்தன: பதிவுச் சான்றிதழ், பெயர் மாற்றக் கையொப்பம், பெற்றோரின் மரபணு முடிவுகள், தோலுக்கடியில் பொருத்தும் மைக்ரோசிப் என்ற அடையாளச் சில்லின் எண். அந்த அம்மா சிப் வாசிக்கும் கருவியைக் குட்டியின் கழுத்தில் வைத்து, பதினைந்து இலக்கத்தையும் தாளோடு ஒப்பிட்டு வாசிக்கச் சொல்லிவிட்டுத்தான் பணத்தைத் தொட்டாராம். அப்படி உழைப்பவர்களோடு அதே கிளப் பெயரை விளம்பரத்தில் போட்டு, அதே விலை கேட்டு, தாளைத் தராமல் போகிறவரையும் ஒரே வரிசையில் நிற்க விடுகிறீர்கள். உங்கள் மௌனத்தால் முதலில் நஷ்டப்படுவது நல்ல ப்ரீடர்தான்.

பேப்பரை நிறுத்திவைக்க நியாயமான சந்தர்ப்பங்களும் உண்டு. கருத்தடை செய்த பிறகே பேப்பர் என்று சிலர் ஒப்பந்தம் போடுவார்கள். இந்த நாயின் குட்டிகளைப் பதிய முடியாது என்ற கட்டுப்பாட்டோடு பதிவு தருவதும் உண்டு. அமெரிக்கன் கென்னல் கிளப்பில் அதற்கு வரையறுக்கப்பட்ட பதிவு என்று தனி வகையே இருக்கிறது. பிரிட்டனில் அப்படிப்பட்ட கட்டுப்பாடு போட்டால், விற்பனைக்கு முன்போ விற்கும்போதோ வாங்குபவரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலை ப்ரீடர் வாங்கியிருக்க வேண்டும். தன் வம்சாவளி கண்டபடி பெருகக் கூடாது என்று நினைக்கும் ப்ரீடருக்கு இது போதுமான பாதுகாப்பு. நாயும் ஏட்டில் இருக்கும், தவறான சேர்க்கையும் நடக்காது. வீட்டு நாய்க்கு ஏற்ற தாள் என்று ஒன்று இருக்கும்போது, வீட்டு நாய் என்பதாலேயே தாள் இல்லை என்று சொல்ல யாருக்கும் காரணம் கிடையாது.

உங்கள் அலுவலகத்தில் ஒருவர் அன்போடுதான் இரண்டு யோசனை சொன்னார். இனம் கண்டறியும் டி.என்.ஏ. பரிசோதனை செய்துகொள்ளுங்கள் என்றார். அது ஒரு நாயின் மரபணுவை இனங்களின் மாதிரித் தொகுப்போடு ஒப்பிட்டு மதிப்பிடுவது. இன்ன தாய், இன்ன தந்தை என்று அது சொல்லாது. அதைக் கொண்டுவந்தால் நீங்களே பதிவுக்கு ஏற்கமாட்டீர்கள். வேறு ஏதாவது பதிவேட்டில் போட்டுக்கொள்ளுங்கள் என்பது இரண்டாவது யோசனை. பணம் கட்டினால் படத்தைப் பார்த்துச் சான்றிதழ் அனுப்பும் இடங்கள் இருக்கின்றன, தெரியும். மிளகின் பெற்றோர் யார் என்ற கேள்விக்கு அந்தத் தாளில் விடை இருக்காது. கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்ட எங்களுக்குத் தாள் வேண்டாம்.

எங்கள் கோரிக்கைகளை எழுதுகிறேன்.

முதலில் மிளகு. அவள் பிறந்த ஈத்து உங்கள் ஏட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அவள் எண் யார் பெயரில் இருக்கிறது, அந்த எண்ணுக்கு உரியதாகச் சொல்லப்படும் நாய் எது என்று நேரில் ஆளனுப்பி மைக்ரோசிப்பைப் படித்துப் பாருங்கள். இல்லையென்றால், ஏன் இல்லை என்று உறுப்பினரிடம் எழுத்தில் விளக்கம் கேட்டு அதன் நகலை எங்களுக்கு அனுப்புங்கள். தாய் நாயிடமும் தந்தை என்று சொல்லப்பட்ட நாயிடமும் மாதிரி எடுத்து, மிளகின் மாதிரியோடு ஒப்பிட உத்தரவிடுங்கள். மிளகைக் கூட்டிவர நாங்கள் தயார். அவள் தரப்புச் செலவு எங்களுடையது. பெற்றோர் உறுதியானால் ப்ரீடரின் கையொப்பத்துக்குக் காத்திராமல் அவளை ஏட்டில் ஏற்றுங்கள். இனப்பெருக்கத்துக்கு அல்ல என்ற குறிப்போடு ஏற்றினால் மகிழ்ச்சியாக ஒப்புக்கொள்வோம்.

அடுத்தது விதி. விளம்பரத்தில் உங்கள் பெயரைச் சொல்லும் உறுப்பினர், ஈத்துப் பதிவு எண்ணையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று ஆக்குங்கள். எண் வராத ஈத்தைப் பதிவு பெற்றது என்று விற்பதைத் தடை செய்யுங்கள். விற்கும் அன்றே தாளும் பெயர் மாற்றக் கையொப்பமும் கைமாற வேண்டும். நிறுத்திவைப்பதானால் காரணமும் நிபந்தனையும் இருவரும் கையொப்பமிட்ட எழுத்தில் இருக்க வேண்டும். பேப்பருக்கு என்று தனி விலை வைப்பதை ஒழுங்கு மீறலாக அறிவியுங்கள். இவற்றை மீறியதாகப் புகார் வந்தால், அது தீரும்வரை அந்த உறுப்பினரின் புதிய ஈத்துகளைப் பதியாமல் நிறுத்தி வையுங்கள். எங்கள் பணத்தை மீட்டுத் தரச் சொல்லி உங்களைக் கேட்கவில்லை, அதற்கு வேறு மன்றங்கள் இருக்கின்றன. உங்கள் ஏட்டின் வாசலில் யார் நிற்கலாம் என்பதை முடிவுசெய்யும் அதிகாரம் உங்களிடம் இருக்கிறது. அதைப் பயன்படுத்தும்படி கேட்கிறேன்.

மைக்ரோசிப் எண் இல்லாமல் ஒரு குட்டிக்கும் சான்றிதழ் தராதீர்கள். சிப் எண்ணும் பதிவு எண்ணும் ஒரே தாளில் இருந்தால் மீந்த பேப்பருக்கு மதிப்பே இல்லாமல் போகும். அடிக்கடி சேர்க்கப்படும் ஆண் நாய்களுக்கு டி.என்.ஏ. பதிவைக் கட்டாயமாக்குங்கள். ஓர் ஆண்டில் மூன்று ஈத்துக்கு மேலோ, வாழ்நாளில் ஏழோ அதற்கு மேலோ தரும் ஆண் நாய்க்கு அமெரிக்கன் கென்னல் கிளப் அதைக் கேட்கிறது. பந்தயக் குதிரைகளைப் பாருங்கள். 1791-இல் தொடங்கிய வம்சாவளி ஏடு அவற்றுடையது. இன்று பெற்றோர் யார் என்பது மரபணுவால் உறுதியாகாமல் ஒரு குதிரைக்குட்டி அந்த ஏட்டில் ஏற முடியாது. குதிரைக்கு முடிந்தது நாய்க்கு முடியாதா? செலவு கூடும் என்பீர்கள். கூடட்டும். குட்டிக்கு இவ்வளவு கொடுப்பவர்கள் அதையும் சேர்த்துக் கொடுப்பார்கள்.

வாங்கியவர் நேரடியாக உங்களிடம் கேட்க ஒரு வழி திறந்து வையுங்கள். தாய் நாயின் எண்ணையோ ப்ரீடரின் கென்னல் பெயரையோ கொடுத்தால், இந்தத் தேதியில் பிறந்த ஈத்து பதிவாகியிருக்கிறதா, எத்தனை குட்டி என்று சொல்லும் வழி. முன்பணம் கொடுப்பதற்கு முன்பே அதைப் பார்க்க முடிந்தால் பாதிப் புகார்கள் உங்கள் மேசைக்கே வராது.

ப்ரீடர்களுக்கும் ஒரு வார்த்தை. எங்களுக்கு விற்றவர் இதைப் படிக்கிறார் என்றால், ஐயா, உங்கள் மீது நடவடிக்கை எடுப்பதைவிட எனக்கு முக்கியமான ஒன்று இருக்கிறது. அந்த ஈத்துக் குட்டிகளை வாங்கியவர்களின் தொடர்பு உங்களிடம் இருக்கும். ஒவ்வொருவருக்கும் சொல்லுங்கள்: நாயை ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள், முடிவு தெரியாமல் சினைக்கு விட வேண்டாம் என்று. இதற்கு நீங்கள் எந்தத் தவறையும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை.

நிர்வாகிகளே, மிளகின் ஆய்வக அறிக்கையின் நகலை மறுபடி இந்த மடலோடு அனுப்பியிருக்கிறேன். எங்கள் புகாரை விசாரிக்கக் காலம் ஆகலாம், ஆகட்டும். தாயும் தந்தையும் யார் என்பது உங்கள் உறுப்பினரிடம் ஒரு கேள்வி கேட்டால் தெரிந்துவிடும். தெரிந்ததும் அந்த இரு நாய்களுக்கும் பி.ஆர்.ஏ. பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். முடிவு வரும்வரை அவற்றின் அடுத்த ஈத்தைப் பதியாதீர்கள். இதை மட்டும் விசாரணை முடியும்வரை தள்ளிப்போடாமல் இந்த மாதமே செய்யுங்கள். செய்தீர்களா இல்லையா என்று எழுத்தில் பதில் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் உறுப்பினரிடம் குட்டி வாங்கிய குடும்பத்தில் ஒருவர்